ரோகம் லேது

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் மாட்டு ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுவேன். அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையைச் சொன்னால் ஆரம்பித்துவிடுவார்கள். மழையையே ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, நீ மழையை வைத்து மாட்டு நோயைச் சொல்லப்போகிறாயா என்பார்கள். அங்கே தொடங்கி எப்படியோ சுற்றி, கல்யாணம் எப்போது என்பதில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பதில் சொல்லி எனக்கு அலுத்துப்போய்விட்டது.

வேலை இதுதான். திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற சாலையில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் எங்கள் ஆபீஸ். மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வருகிற தோல் கழலை நோய் அடுத்து எந்த ஊருக்குப் போகும் என்று வாராவாரம் ஒரு படம் போட வேண்டும். அந்த நோயைச் சுமந்துகொண்டு போவது ஈயும் கொசுவும். அவை பெருக வேண்டுமென்றால் மழை, வெயில், காற்றின் ஈரம் மூன்றும் ஒரு அளவில் சேர வேண்டும். அதனால் சாட்டிலைட்டிலிருந்து வருகிற மழைக் கணக்கையும் வெப்பக் கணக்கையும் எடுத்து, சித்தூர், திருப்பதி இரண்டு ஜில்லாக்களையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுப்பேன். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் பார்த்துக்கொள். சிவப்பு என்றால் முதலில் அங்கே போ. தடுப்பூசி எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் போதாது. சிவப்பாக இருக்கிற ஊருக்குத்தான் முதல் வண்டி கிளம்பும்.

படத்தில் பாதி, மழை சொல்வது. மீதிப் பாதி, மனிதர்கள் சொல்வது. ஊர் ஊராகப் போன் போட்டு, எத்தனை மாட்டுக்கு நோய் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். மழை எவ்வளவு பயமுறுத்தினாலும், ஓர் ஊரிலிருந்து தொடர்ந்து மூன்று வாரம் பூஜ்யம் வந்தால் அந்தக் கட்டம் தானாகப் பச்சைக்கு இறங்கிவிடும். அந்த விதியை எழுதியவள் நான்தான். எங்கள் மேடம் அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, மூளை வேலை செய்கிறதே என்றார். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது.

போன் போடுகிறவர் எங்கள் ஆபீஸ் அன்னய்யா ஒருவர். தெலுங்குக்காரர், பொறுமைசாலி. ஊருக்கு நாலு மாட்டுக்காரர்களின் நம்பரை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார். "ஆவுலக்கு ரோகம் ஏமைனா உந்தா?" மாடுகளுக்கு ஏதாவது நோய் உண்டா. எங்கள் எல்லைப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் அந்த அளவு தெலுங்கு தெரியும். "ரோகம் லேது சார்", நோய் இல்லை, என்பார்கள். அவர் என்னைப் பார்த்து விரலை வட்டமாகக் காட்டுவார். நான் பூஜ்யம் போடுவேன்.

அந்த ஆவணியில் சாந்திபுரம் பக்கம் மழை விட்டு விட்டுப் பெய்தது. நடுவில் நல்ல வெயில். ஈக்கு அதைவிட என்ன வேண்டும். என் படத்தில் அந்தப் பக்கம் முழுக்கச் சிவந்துகொண்டே வந்தது. ஆனால் அங்கிருந்து வந்த எண்களோ இரண்டு வாரமாகப் பூஜ்யம். மூன்றாவது வாரம் அன்னய்யா சலித்துப்போய் என்னிடம் சொன்னார், அது உன் ஊர்ப் பக்கம்தானே, நீயே ஒரு வார்த்தை கேட்டுவிடேன் என்று.

என் ஊர் அங்கேதான். பஸ் ரோட்டிலிருந்து உள்ளே நடக்க வேண்டும். வீட்டில் தமிழ்; ஆபீஸ், பள்ளிக்கூடம், சந்தை என்றால் தெலுங்கு. நைனாவும் அம்மாவும் முன்பு அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போனவர்கள். இப்போது கொஞ்சம் சொந்த நிலம், ஒரு ஜெர்சி மாடு, அது ஈன்ற கிடாரிக் கன்று. நிலம் சாப்பாட்டுக்கு. மற்ற எல்லாமே அந்த மாட்டின் பால்தான். அதற்கு ஏதாவது ஆனால் நைனா மறுபடியும் கூலிக்குத்தான் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

அப்போது அம்மா ஊரில் இல்லை. அக்காவை நகரியில் விசைத்தறிக்காரர் வீட்டில் கொடுத்திருக்கிறது. அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள அம்மா போயிருந்தது. அந்த வாரம் திரும்பி வருவதாகப் பேச்சு. நைனாவுக்குப் போன் போட்டேன்.

"நைனா, மாட்டுக்கு எதனா நோவு கீதா?"

"நோவா? நோவெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

உடம்பில் கட்டி இருக்கிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. படிவத்தில் இருந்த கேள்வியைத் தமிழாக்கிக் கேட்டேன், அவ்வளவுதான். நைனா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அம்மா வந்துகீது."

"எப்ப வந்துச்சு?"

"செவ்வாக்கெழம."

"எப்படி கீது?"

"படுத்துக்கினு கீது. செரியா துன்றதில்ல."

"பஸ்ல அலைஞ்சிக்கினு வந்துருக்கும், அசதிதான். நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லு."

 "மோரும் கூழும் ஊத்துனேன்" என்றார்.

"அது போதும் நைனா. ஒடம்பு குளுந்துக்கும்."

"நீ இப்ப வராதம்மா. நானே சொல்றேன், அப்புறமா வா."

எனக்குப் பஸ் அலைச்சல் வேண்டாம் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் நிம்மதியாகத்தான் இருந்தது. சாந்திபுரம் போகச் சித்தூர், பலமனேர் என்று அரை நாள் ஓடிவிடும். அன்னய்யாவைப் பார்த்து விரலை வட்டமாகக் காட்டினேன். அவர் சிரித்தார். எங்கள் ஊருக்கு நேரே பூஜ்யம் போட்டேன். மூன்றாவது பூஜ்யம். கட்டம் பச்சையானது. அந்த வாரத்து ஊசி வண்டி வடமாலபேட்டைப் பக்கம் போயிற்று. அங்கே நிஜமாகவே நோய் இருந்தது, அதில் தப்பு சொல்ல முடியாது.

அடுத்த வாரமும் எங்கள் ஊர் பச்சைதான். அந்தப் படம் போட்ட மறுநாள், நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு புது நம்பரிலிருந்து அம்மா கூப்பிட்டது.

"உங்க நைனாகிட்ட பேசுனியா? எனக்கு மட்டும் எடுத்தவொடனே அப்புறம் பேசறேன்னு வெச்சிடறாரு."

"நீ பக்கத்துலயே கீற, உனக்கு எதுக்கு போன் எடுக்கணும்?"

"நான் எங்கடி பக்கத்துல கீறேன்? கொழந்தய குளிப்பாட்ட ஆளில்லாம நகரியிலயே கெடக்கறேன்."

"செவ்வாக்கெழமயே அம்மா வந்துகீதுன்னு நைனா சொன்னாரே."

 பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா மெதுவாகக் கேட்டது, "அவரு 'உங்கம்மா'ன்னாரா, 'அம்மா'ன்னாரா?"

"அம்மான்னுதான்."

"அடிப்பாவி" என்றது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று அம்மா. நைனா என்னைக் கூப்பிடுவது 'ம்மா'. சொல்லும்மா, சாப்டியாம்மா, இல்லம்மா. என்னைப் பெற்றவளை என்னிடம் பேசும்போது 'உங்கம்மா' என்பார். உங்கம்மா எங்க, உங்கம்மாவுக்குக் காது கேக்கல. நான் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அவர் தன் பெண்டாட்டியை வெறுமனே 'அம்மா' என்று சொன்னதில்லை. எந்த ஆம்பளை சொல்வான்? முன்னால் ஒன்றும் சேர்க்காமல் வெறும் 'அம்மா வந்துகீது' என்றால் அது மாரியம்மா. மனுசருக்கு வந்தாலும் மாட்டுக்கு வந்தாலும் அம்மைதான். அது வந்தால் நோய் என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கோபித்துக்கொள்ளும். வேப்பிலை கட்டுவார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள். வெளியூர் ஆட்களை வராதே என்று தடுப்பார்கள். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்தப் பேச்சையே கொண்டுபோக மாட்டார்கள், அதனால்தான் என் அம்மா கூப்பிட்டபோதெல்லாம் பேசாமல் போனை வைத்திருக்கிறார். இதையெல்லாம் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்கே ஏழாம் வகுப்பில் அம்மா வந்திருக்கிறது, முதுகில் தழும்பு இருக்கிறது. அந்த ஆபீஸ் முழுக்கத் தேடினாலும் 'அம்மா வந்துகீது' என்றால் என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். பூஜ்யம் போட்டதும் நான்தான்.

டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, 'ரோகம் லேது' சொன்ன தமிழ் ஊர்களின் நம்பர்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். "மாட்டுக்கு அம்மா வந்துகீதா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆமாம்மா, எங்க வீட்டு மாட்டுக்கும் வந்துகீது, எதிர் வீட்டுலயும் வந்துகீது" என்றார்கள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்கள் என்றால், இத்தனை நாளாக ஏன் யாரும் கேட்கவில்லை என்பது மாதிரி. யாரும் எதையும் மறைக்கவில்லை. ரோகம் உண்டா என்று கேட்டோம், இல்லை என்றார்கள். அம்மா வந்திருக்கிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றார்கள். சாயங்காலத்துக்குள் எல்லைப் பக்கம் முழுவதும் சிவப்பாயிற்று. மழை முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். பெற்ற தாய்க்கும் மாட்டு நோய்க்கும் உங்கள் ஆட்கள் ஒரே பேரா வைப்பார்கள் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாம் போடுகிற ஊசியே ஆட்டு அம்மைக்குச் செய்ததுதானே மேடம், அதிலும் அம்மைதானே இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்தக் கோபம்கூட ஒரு நிமிஷம்தான் இருந்தது. நாளைக்கே டாக்டரை அனுப்புகிறேன், நீயும் ஊருக்குப் போய்விட்டு வா என்றார். அவர் கெட்டவர் இல்லை.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். பலமனேரில் பசித்தது. இறங்கி நாலு இட்லி தின்றேன். நன்றாக இருந்தது. இப்படிச் சாப்பிடுகிறேனே என்று ஒரு நினைப்பு வந்தது, அதுவும் போய்விட்டது.

வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. நைனா என்னைப் பார்த்து, "வராதன்னு சொன்னேனேம்மா" என்றார். ஆனால் திருப்பி அனுப்பவில்லை. சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார். பின்பக்கம் போனேன். மாடு வேப்பிலை மேல் படுத்துக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து வால் வரைக்கும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டிகள். சில உடைந்து புண்ணாகியிருந்தன. முன்னங்கால் இரண்டும் வீங்கி, எழுந்திருக்க முடியவில்லை. அந்த நோயைப் பற்றி நான் படிக்காதது கிடையாது, ஆனால் நோய் வந்த மாட்டைப் பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கன்றைத் தூரமாக, புளிய மரத்தடியில் கட்டியிருந்தார். அதற்கு ஒன்றும் இல்லை.

மாட்டுக்கு ஈ ஓட்டிக்கொண்டே நைனா கேட்டார். "உன் வேல எப்படி போய்க்கினு கீது?"

"போய்க்கினு கீது."

"எங்க எங்க வரும்னு படம் போடறேன்னியே. அதுல நம்ம ஊரு என்னா கலரு?"

"பச்ச."

"பச்சன்னா?"

"ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

அவர் மாட்டைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். நீ சொன்ன அம்மாவை நான் நம்ம அம்மா என்று நினைத்துக்கொண்டேன், அதனால் பூஜ்யம் போட்டேன், அதனால் ஊசி வண்டி வேறு பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான், மூன்று வாக்கியம். பஸ்ஸில் வரும்போது இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன், சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரியவில்லை.

"அதான் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுன்னியா" என்றார் நைனா. "படிச்ச பொண்ணு, சாமிய கேலி பண்ணுது போலன்னு நெனச்சேன்." கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய், "நான் சொன்னேனேம்மா" என்றார்.

"சொன்ன நைனா."

மத்தியானம் டாக்டர் வந்தார். அம்மா இருக்கிற வீட்டில் ஊசி போடக் கூடாது என்று நைனா ஒரே பிடியாக நின்றார். நான் கெஞ்சினேன். மாடு எழுந்திருக்கிறபோதே வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம், இப்போது போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொன்னார். நான் அந்தப் போன் பேசிய வாரமே ஒன்று என்று எழுதி டாக்டர் வந்திருந்தாலும் நைனா விட்டிருப்பாரா என்று சில சமயம் யோசிக்கிறேன். தெரியாது. அது என்னைத் தப்பிக்க வைக்கிற யோசனை என்பது மட்டும் தெரியும். கன்றுக்காவது தடுப்பூசி போடலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கும் நைனா தலையாட்டவில்லை. தெருவில் பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள்.

மாடு மூன்றாம் நாள் காலையில் செத்தது. ஜேசிபி வந்து கொல்லையோரம் ஆழமாகக் குழி தோண்டியது. உப்பும் சுண்ணாம்பும் கொட்டி மூடினோம். நைனா மஞ்சள் தண்ணீரை வீடு முழுக்கத் தெளித்து, வாசலில் இருந்த வேப்பிலையை அவிழ்த்தார். சாயங்காலம் பால் வண்டி வழக்கம்போல வாசலில் நின்று ஹாரன் அடித்தது. நைனா போய் இல்லை என்று கையை ஆட்டினார். அது கிளம்பிப் போயிற்று.

நான் திருப்பதிக்குத் திரும்பினேன். முதல் வேலையாகப் படிவத்தில் கேள்வியை மாற்றினோம். அன்னய்யா இப்போது தெலுங்கு ஊர்களிலும் அங்கே வழங்குகிற பெயரைத் தெரிந்துகொண்டு கேட்கிறார், தமிழ் ஊர்களில் அம்மா வந்ததா என்பதை 'அம்மா வச்சிந்தா' என்று தன் தெலுங்கிலேயே கேட்கிறார். மூன்று பூஜ்யம் வந்தால் பச்சை என்ற விதியை எடுத்துவிட்டேன். படம் முன்னைவிட நன்றாக வருகிறது என்று மேடம் சொன்னார். அம்மா நகரியிலிருந்து ஊருக்குப் போயிற்று. நைனா மற்றவர்கள் கொல்லையில் கூலிக்குப் போக ஆரம்பித்தார். இனி அந்தக் கன்று பெரிதாகிச் சினை பிடித்து ஈன்றால்தான் வீட்டில் பால். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். ரூமில் கூட இருக்கிற பெண், உனக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். உள்ளே மரத்துப்போய்க் கிடந்தது. இல்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது, ஆமாம் என்றால் பொய். அரிசி களைந்து வைக்கச் சொன்னேன்.

கன்று இப்போது நன்றாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். விலாவில் தழும்பு இருக்கிறது, வாங்குகிறவன் வந்தால் விலை குறைத்துத்தான் கேட்பான். விற்கிற உத்தேசம் இல்லை.

எனக்குச் சொல்ல வேண்டியது அந்தப் போனைப் பற்றித்தான். மாடு செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை, நான் எண்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் நைனா ஒரு நாளும் கூப்பிட மாட்டார். கூப்பிட்டார்.

"எழுதிக்கோ" என்றார்.

"என்னா நைனா?"

"நீ எழுதிக்கோ. ஊரு நம்மளுது. மாடு ஒண்ணு. கிடாரிக் கன்னு. ஒடம்புல கட்டி கீது, நேத்திலேருந்து. ஜொரம் கீது."

இதை யாரிடமோ கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார் என்று தெரிந்தது. நடுநடுவே நிறுத்தி, அடுத்தது என்ன என்று நினைவுக்குக் கொண்டுவந்து சொன்னார். நான், "அம்மா வந்துகீதா நைனா?" என்று கேட்டேன். நாங்கள் மாற்றிய கேள்வி அதுதான்.

"அம்மா இல்ல" என்றார் அவசரமாக. "ரோகம். ரோகம்னே எழுது."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. மனுசருக்கு வந்தபோதும் சொன்னதில்லை, பெரிய மாடு சாகும்போதும் சொன்னதில்லை. அவருக்கு அந்த வார்த்தை என்றால் எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். பின்னால் அம்மா ஏதோ முணுமுணுப்பது கேட்டது. வாயை மூடு என்றோ, கன்னத்தில் போட்டுக்கொள் என்றோ சொல்லியிருக்கும்.

எங்கள் ஊருக்கு நேரே ஒன்று என்று போட்டேன். கட்டம் சிவந்தது. அப்போதுதான், இத்தனை நாள் கழித்து, எனக்கு அழுகை வந்தது. நாளைக்கு டாக்டர் வருவார், ஊசி போட விடுவியா என்று கேட்டேன்.

"போடட்டும்" என்றார். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஏம்மா," என்று கேட்டார், "இப்ப நான் சரியா சொன்னனா?"